மேகம் கறுத்தால் திரும்பிவிடலாம்! கல்வராயன் மலைக்கு ஒரு நாள் நடை கிளம்பும் முன்...

வார இறுதி நடை

காலையில் வெயில், மதியம் மேகம், மாலையில் இடி. மலையின் வானிலை ஊர் வானிலை மாதிரி இருப்பதில்லை. திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி பக்கத்திலிருந்து கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் நடக்கக் கிளம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இந்த வாரம்.

திருக்கோவிலூர்க்காரர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கள் ஊரில் பெய்யாத மழையும் தங்கள் ஊருக்கு வந்து சேரும் என்பதுதான் அது.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்ததோடு வேலை முடியவில்லை. உள்மாவட்டங்களுக்குள் மெள்ள நகர்ந்து, போகிற வழியெல்லாம் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணையை முட்டியது. அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்க வேண்டியதாயிற்று. ஆற்றின் கீழே இருந்த கிராமங்கள் என்ன பாடுபட்டன என்பது இந்தப் பகுதி மக்களுக்கு நன்றாகவே தெரியும்.

மேலே பெய்தது கீழே வரும். ஆற்றுக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு, மலையில் இருக்கும் முழங்கால் அளவு ஓடைக்கும் அப்படியே பொருந்தும். ஒரே வித்தியாசம், ஆற்றில் வெள்ளம் வர பல மணி நேரம் ஆகும், தண்டோரா போட நேரம் இருக்கும். ஓடையில் சில நிமிடங்களில் வந்துவிடும். அங்கே தண்டோரா போட ஆள் இருக்காது.

நெடும்பாதையில் ஒரு துண்டு

உலகம் முழுக்க 'நெடும்பாதை நடை' இப்போது பிரபலம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கி.மீ. நீளம் போகிறது. நமக்குப் பக்கத்திலேயே இலங்கையின் மலையகத்தில் 'பீக்கோ டிரெயில்' இருக்கிறது. கண்டி அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே 300 கி.மீ.க்கும் மேல் நீளும் பாதை. அதை 22 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் நம் ஊர்ப் பக்கமிருந்து கப்பலேறிப் போன தோட்டத் தொழிலாளர்களின் பேரன் பேத்திகள் வாழும் லயன் வீடுகளைக் கடந்துதான் அந்தப் பாதை போகிறது.

300 கிலோமீட்டரையும் நடப்பவர்கள் குறைவு. ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, காலையில் தொடங்கி மாலைக்குள் முடித்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் இந்த 'ஒரு நாள் துண்டு' நடைக்கு ஏற்ற இடங்கள் ஏராளம். ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று வரிசையாக நிற்கும் இந்த மலைகளில், ஊருக்கு ஊர் ஒத்தையடிப் பாதைகள் உண்டு. பொழுதுபோக்குக்காகப் போட்டவை அல்ல அவை. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் மலைவாழ் மக்கள் நடந்து நடந்து உண்டான பாதைகள்.

கல்வராயன் மலைத்தொடர் சுமார் 1,095 சதுர கி.மீ. பரப்புள்ளது. கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் பரவியிருக்கிறது. வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், சராசரி உயரம் 2,700 அடி. தெற்கே இருப்பது பெரிய கல்வராயன், சராசரி 4,000 அடி. அடிவாரத்தில் முள்புதர், கொஞ்சம் ஏறினால் இலையுதிர் காடு, 800 மீட்டருக்கு மேல் ஆங்காங்கே சோலைக்காடு என்று ஒரே நாளில் மூன்று விதமான காட்டைப் பார்த்துவிடலாம். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று மலை மேல் ஊர்கள். மேகம், பெரியார், கவியம் என்று அருவிகள். அடிவாரத்தில் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை.

ஊட்டி அளவுக்கு உயரம் இல்லை, கொடைக்கானல் அளவுக்குக் குளிர் இல்லை. 'சின்ன மலைதானே' என்று நினைக்க வைக்கும் உயரம். ஆபத்து தொடங்குவதும் இந்த நினைப்பில்தான்.

மதியம் 2 மணிக்கு மேல் நடப்பது என்ன?

மலையில் மழை எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால், எப்போது கிளம்ப வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

காலை வெயிலில் சமவெளியும் மலைச்சரிவும் சூடாகின்றன. சூடான காற்று மேலே கிளம்பும். சரிவு அதை இன்னும் மேலே தள்ளிவிடும். மேலே போகப் போகக் காற்று குளிரும், அதிலிருக்கும் ஈரம் மேகமாகும். காலை 10 மணிக்குப் பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும் வெள்ளை மேகம், நண்பகலுக்கு மேல் கோபுரம் மாதிரி உயரத் தொடங்கும். அடிப்பக்கம் கறுத்து, உச்சி தட்டையாக விரிந்துவிட்டால் அது இடிமேகம். பிற்பகலிலிருந்து இரவு வரை அது எந்த நேரத்திலும் கொட்டலாம்.

கோடையிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் வடதமிழக மலைகளில் பெய்யும் மழையில் பெரும்பகுதி இந்த வகைதான். மேற்கிலிருந்து வீசும் காற்று இந்த மேகங்களை மலையிலிருந்து கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். திருக்கோவிலூரில், விழுப்புரத்தில் மாலையோ இரவோ இடியோடு பெய்கிற மழை, பல நாள்களில் மதியமே மலைப்பக்கம் தொடங்கியதுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை வேறு. வடகிழக்குப் பருவமழையும் காற்றழுத்தத் தாழ்வும் புயலும் மணி பார்த்து வருவதில்லை. நாள் முழுக்கப் பெய்யும், இரவிலும் பெய்யும். பாறை நனைந்து, மண் ஊறி, சரிவு தளர்ந்து நிற்கும். ஃபெஞ்சல் மழையின்போது 2024 டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதிரி நாள்களில் மலைக்கு நடக்கப் போவதற்கு நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. வீட்டில் இருப்பதுதான் நல்லது.

கடிகாரத்தோடு ஒரு கணக்கு

மலை நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இதற்கு 1892-ல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் ஒரு சுலபமான கணக்கு சொன்னார். இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுவது அதுதான். சமதூரத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல்.

ஒரு குடும்பம் 8 கி.மீ. நடந்து, 600 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி. மொத்தம் 2 மணி 36 நிமிடம். இது நன்றாக நடந்து பழகியவர்களுக்கான கணக்கு. ஆறாம் வகுப்புப் பையன், முட்டிவலி இருக்கும் அத்தை, பத்தடிக்கு ஒரு செல்ஃபி எடுக்கும் கல்லூரி மாணவி எல்லோரும் சேர்ந்த கூட்டத்துக்கு 4 மணி நேரம் என்று வைப்பதுதான் நியாயம். இறங்க இன்னொரு 3 மணி நேரம்.

காலை 6.30-க்கு நடக்கத் தொடங்கினால் 10.30-க்கு மேலே. அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு இறங்கினால், 2 மணிக்கு அடிவாரம். மேகம் கறுக்கும்போது எல்லோரும் வண்டிக்குள்.

அதே குடும்பம் திருக்கோவிலூரில் டிபன் முடித்து, வழியில் டீ குடித்து, காலை 9.30-க்கு நடக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? மேலே போய்ச் சேர 1.30. இறங்கத் தொடங்க 2 மணி. அடிவாரம் வர 5 மணி. அதாவது, இடிமழைக்கு வாய்ப்பு அதிகமுள்ள மூன்று மணி நேரமும் அவர்கள் பாறையிலும் ஓடையிலும் இருப்பார்கள்.

இரண்டு குடும்பமும் நடந்தது ஒரே பாதை. வேறுபட்டது கிளம்பிய நேரம் மட்டும்தான்.

அதனால்தான் அனுபவசாலிகள் 'திரும்பும் நேரம்' என்று ஒன்றை வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். 11 மணி என்று முடிவு செய்தால், உச்சி இன்னும் கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்றாலும் 11 மணிக்குத் திரும்பிவிடுவது. 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே' என்ற பேச்சு எழும் இடத்தில், முடிவை ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பது சண்டையைத் தவிர்க்கும்.

ஓடையைக் கடக்கலாமா?

மலை நடையில் மழை நாளில் அதிக உயிர்களைக் குடிப்பது பாம்போ பள்ளமோ அல்ல, தண்ணீர்.

2015 மே மாதம், சதுரகிரி மலைக்கு அமாவாசைக்குப் போன பக்தர்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கிப் பலர் உயிரிழந்தார்கள். 2024 மே 17-ம் தேதி, பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். 2025 ஆகஸ்டில், திருக்கோவிலூருக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே, பர்வதமலையிலிருந்து இறங்கி வந்த கூட்டத்தில் இரண்டு பெண்களை ஓடை வெள்ளம் கொண்டுபோனது.

மூன்றிலும் அவர்கள் இறங்கிய நீர் சற்று முன்பு வரை சாதாரணமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. ஒரு சதுர கி.மீ. பரப்புள்ள மலைச்சரிவில் 5 செ.மீ. மழை பெய்தால், அது 5 கோடி லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி நான்காயிரத்துக்கும் மேல் வேண்டும், அதைச் சுமக்க. சமவெளியில் பாதி மண்ணுக்குள் போய்விடும். பாறைச் சரிவிலோ, ஏற்கெனவே ஊறிய மண்ணிலோ பெரும்பகுதி ஒரே ஓடையில் வந்து விழும். அந்த ஓடை இருக்கும் இடத்தில் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம்.

வெள்ளம் வரும் முன் ஓடை சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். நீர்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மேலே எங்கோ லாரி வருவதுபோல் உறுமல் சத்தம் கேட்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் குளிப்பவர்கள் துண்டைத் தேடாமல் கரையேறி, மேட்டுப் பக்கம் போய்விட வேண்டும்.

ஓடும் நீர் முழங்காலுக்குக் கீழே, ஒரு சாண் உயரம் இருந்தாலே ஆளைத் தடுமாற வைக்கப் போதும். இரண்டடி நீரோட்டம் காரையே நகர்த்திவிடும். அக்கரையில் வண்டி நிற்கிறது, இருட்டப் போகிறது, பிள்ளைக்குப் பசிக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் சின்ன ஓடைகளில் வெள்ளம் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, மழை விட்டதும் அவ்வளவு வேகமாக வடியவும் செய்யும். இக்கரையிலேயே சில மணி நேரம் காத்திருப்பதில் நஷ்டம் ஒரு வேளைச் சாப்பாடு மட்டும்.

நடைக்குப் போகும் முன் பாதையில் எத்தனை இடத்தில் ஓடையைக் கடக்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. போகும்போது கடந்த ஒவ்வோர் ஓடையையும் திரும்பும்போதும் கடந்தாக வேண்டும்.

இடி இடித்தால்...

இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் சொல்கின்றன. திறந்தவெளியில் இருப்பவர்களும் தனி மரத்தின் கீழ் ஒதுங்குபவர்களும்தான் அதில் அதிகம்.

மின்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செல்போன் தேவையில்லை. மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்க வேண்டும். இடி கேட்கும் வரை எத்தனை விநாடியோ, அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 விநாடி என்றால் 10 கி.மீ. அதற்குள் இடி கேட்டுவிட்டால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறோம் என்று பொருள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை உச்சிக்கோ மொட்டைப் பாறைக்கோ திரும்பக் கூடாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை சில. உச்சியையும் மேட்டு விளிம்பையும் விட்டுக் கீழே இறங்குவது. ஒற்றை மரத்தடி, மின்கம்பம், கம்பிவேலி, தண்ணீர் ஆகியவற்றிலிருந்து விலகுவது. ஒரே இடத்தில் கூட்டமாக நிற்காமல் இடைவெளி விட்டு இருப்பது. கான்கிரீட் கட்டடமோ மூடிய காரோ இருந்தால் அதற்குள் போய்விடுவது. ஒன்றுமே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், இரண்டு பாதத்தையும் சேர்த்துக் குந்தி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வது. தரையில் படுக்கக் கூடாது. மின்சாரம் தரை வழியாகவும் பரவும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி கொடுப்பதுதான் அவரைக் காப்பாற்றும்.

நம் ஊரில் குளிரா?

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். திருக்கோவிலூரில் 30 டிகிரி என்றால் பெரிய கல்வராயன் மேட்டில் 24 டிகிரிதான். அது சுகமான குளிர். ஆனால், பருத்திச் சட்டை நனைந்து, மேலே காற்று அடித்தால் அதே குளிர் வேறு மாதிரி ஆகிவிடும். நனைந்த துணி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். பற்கள் கிட்டித்து, பேச்சு குளறி, நடை தள்ளாடத் தொடங்கினால் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்று அர்த்தம். இதற்குப் பனிமலை தேவையில்லை. மெலிந்த குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சீக்கிரம் வரும்.

மாற்றுத் துணி ஒரு செட், பிளாஸ்டிக் கவரில் நன்றாகச் சுற்றி ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். குடை மலைக்கு உதவாது, காற்றில் புரட்டிவிடும். ரெயின்கோட்தான் சரி. ரப்பர் செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும். பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

மூடுபனி இறங்கிப் பாதை தெரியாமல் போனால், அங்கேயே நின்றுவிடுவது நல்லது. தண்ணீர் ஓடும் பக்கமாக இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கல்வராயன் மாதிரி மலையில் ஓடை போய்ச் சேரும் இடம் அருவியின் தலைப்பாக இருக்கலாம்.

அனுமதி எதற்கு?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. அந்தக் காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்தார்கள். மழையில் நடந்த விபத்து இல்லை அது. ஆனாலும் இந்தக் கட்டுரைக்கு அது தேவை. காய்ந்த புல், திசை மாறிய காற்று, சரியான அனுமதி இல்லாத பாதை. மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே முதல் சில மணி நேரம் தெளிவாகத் தெரியாத குழப்பம். வானிலை என்றால் மழை மட்டும் இல்லை, காற்றும் வெயிலும் சேர்த்துத்தான்.

அதன் பிறகு 2018-லேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில், வனத்துறை மூலம் 40 பாதைகளோடு 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்து, ஆன்லைனில் பதிவு செய்பவர்களைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறார்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். கல்வராயனுக்குப் பக்கத்தில், ஏற்காடு மலைக்கு ஏறும் கொண்டப்பநாயக்கன்பட்டி - குண்டூர் பாதை அந்தப் பட்டியலில் இருக்கிறது. முதல்முறை நடப்பவர்களுக்கு இப்படிப்பட்ட பாதையே நல்ல தொடக்கம்.

கல்வராயனில் காப்புக்காட்டுக்குள் கால் வைக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுவது கட்டாயம். அபராதம் வரும் என்பதற்காக மட்டும் இல்லை. இத்தனை பேர் போயிருக்கிறார்கள், இன்னும் திரும்பவில்லை என்று தெரிந்த ஒரே ஓர் ஆள் கீழே இருக்கிறார் என்பதுதான் அந்தக் காகிதத்தின் மதிப்பு. மலையின் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை நடை அல்ல

கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். சாமை, தினை, மரவள்ளி விளைவிக்கிறார்கள், கடுக்காயும் புளியும் சேகரிக்கிறார்கள். இவர்களின் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துதான் அது முழுதாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. ரோடும் பாலமும் ஆஸ்பத்திரியும் இங்கே பின்தங்கிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தாமாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அந்த விசாரணையில் எழுந்த கேள்விகள் எல்லாமே அடிப்படைத் தேவைகள்.

நகரத்திலிருந்து வரும் குடும்பத்துக்கு, ஓடையில் வெள்ளம் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும். பாலம் இல்லாத ஊரில், அதே வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் பிரசவ வலியோடு ஒரு பெண் இருக்கலாம். பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளை இருக்கலாம். மழையைப் பற்றி மலைக்காரர் ஒருவர் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டியதற்கு இதுவே போதுமான காரணம். எந்த ஓடை எத்தனை நேரத்தில் ஏறும், எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பக்கம் இடித்தால் எந்தப் பக்கம் மழை என்பதை அவர்கள் செயலியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அதனால், உள்ளூர் ஆள் ஒருவரை உரிய கூலி கொடுத்துக் கூட்டிப்போவதுதான் முறை. 'அண்ணே, இதுக்கு மேல போகலாமா?' என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 'வேண்டாம்ப்பா, திரும்பிடலாம்' என்று அவர் சொன்னால், பேசிய கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் அழகு. பாதியில் திரும்பினால் பாதிக் கூலி என்று ஆகிவிட்டால், அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள்.

கிளம்பும் முன் ஒரு பட்டியல்

* முதல் நாள் மாலையும் கிளம்பும் காலையும் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்க்கவும். 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்றால் பயணம் ரத்து. மஞ்சள் என்றால் ஓடையும் உச்சியும் இல்லாத சிறிய நடையாக மாற்றிக்கொள்ளலாம்.

* கள்ளக்குறிச்சிக்கு மட்டும் பார்த்தால் போதாது. மலை சேலம் மாவட்டத்திலும் இருக்கிறது. இரண்டையும் பார்க்கவும்.

* மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி', மாநில அரசின் எச்சரிக்கைகளுக்கு 'டிஎன் அலர்ட்' செயலிகளை அடிவாரத்திலேயே, சிக்னல் இருக்கும்போதே திறந்து பார்த்துக்கொள்ளவும்.

* போகும் பாதை, கூட வருபவர்கள் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும். இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரை அழைப்பது என்பதையும் சேர்த்து எழுதவும்.

* அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

* ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு வேளைக்குக் கூடுதலாகச் சாப்பாடு, டார்ச், பவர் பேங்க், விசில், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. விசில் ஒலி, கத்துவதைவிட அதிக தூரம் கேட்கும், தொண்டையும் கட்டாது.

* கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

* கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் திரும்பி வர வேண்டும். அருவிக்கரையில் பாட்டில் உடைத்தால், அடுத்து அங்கே வெறுங்காலோடு நடப்பது அந்த ஊர்ப் பிள்ளைதான்.

திரும்பி வந்தவர்களுக்கு...

பாதியில் திரும்பியவர்களை நண்பர்கள் கேலி செய்வது வழக்கம். 'ஒரு தூறலுக்கே ஓடி வந்துட்டீங்களா?' என்பார்கள். பதில் சொல்லத் தேவையில்லை. அந்தத் தூறல் மேலே என்னவாக இருந்தது என்பது கீழே இருந்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மலைப்பயணம் ரத்தாகிவிட்டால் அந்த நாளை வீணாக்கவும் வேண்டியதில்லை. திருக்கோவிலூரிலேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. பாரியின் நண்பர் கபிலர் உயிர் துறந்ததாகச் சொல்லப்படும் கபிலர் குன்று தென்பெண்ணைக்குள் நிற்கிறது. அட்டவீரட்டத் தலங்களில் ஒன்றான வீரட்டேஸ்வரர் கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான உலகளந்த பெருமாள் கோயிலும் இதே ஊர்தான். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் முதன்முதலாகச் சந்தித்தது இந்த ஊரில், ஒரு மழை இரவில், ஒரு வீட்டின் இடைகழியில் என்கிறது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இருந்த இடம். மூவரும் நெருக்கியடித்து நின்றார்கள், மழைக்குள் இறங்கி நடக்கவில்லை.

கல்வராயன் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும். வானிலை அறிவிப்பு தெளிவாக இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து, அலாரத்தைக் காலை 3.30-க்கு வைத்தால் போதும்.